எழுபத்தெட்டு முதுகுகள்

நாட்டிலுள்ள சாமிகள் அத்தனை பேரும் வருஷம் தவறாமல் வந்து புதுச் சாயம் பூசிக்கொண்டு போகிற ஊர் ஒன்று உண்டு. பெயர் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிற காலண்டரின் அடியோரத்தில் பொடி எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில், செங்கமல விலாஸ் அச்சகத்தில், சீனிக்கனி என்கிற அம்மாளுக்கு முப்பது வருஷமாக ஒரே உத்தியோகம், காலையில் கண் விழிப்பது.

இது கேலி இல்லை. பெரிய முதலாளி காலத்தில் ஒரு வருஷம் அச்சான லட்சுமிக்கு இடது கண் அரை நெல் அளவு தள்ளி விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, கட்டுக் கட்டாக எட்டு ஜில்லாவுக்குப் போய்விட்டது, தை பிறந்ததும் அந்தக் காலண்டர் தொங்கிய வீடுகளில் பால் திரிந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள், கிணற்று மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன. இன்றைக்கு யார் முகத்தில் முழித்தேனோ என்று அலுத்துக்கொள்ளாத வாய் தமிழ்நாட்டில் கிடையாது. அந்த வருஷம் மட்டும் அது யார் முகம் என்று எட்டு ஜில்லாவுக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு பெரிய முதலாளி ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். புதுப் படம் எதுவானாலும் ஒரு ஆளின் பாய்க்கு எதிரே ஒன்பது நாள் தொங்க வேண்டும், அந்த ஆள் ஒன்பது விடியலும் அதன் முகத்திலேயே முழிக்க வேண்டும், பொழுது எப்படிப் போயிற்று என்று பார்த்துப் படத்தின் பின்னால் பென்சிலால் ‘முழிக்கலாம்’ என்றோ ‘ஆகாது’ என்றோ எழுதித் தர வேண்டும். அதற்கு அவர் கேட்ட தகுதி ஒன்றே ஒன்று. வீட்டில் முந்திக்கொண்டு கண்ணில் விழ வேறு முகம் இருக்கக் கூடாது.

சீனிக்கனிக்கு அப்போது இருபத்தாறு வயது. புருஷன் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு ஆந்திரா போனவன் அங்கேயே இன்னொரு குடித்தனம் கண்டு தங்கிவிட்டான். கையில் நாலு வயதுப் பிள்ளை, கார்த்தீஸ்வரி.

“பிள்ள இருக்கேம்மா வீட்ல” என்றார் பெரிய முதலாளி.

“அவ எம்முன்னால வர மாட்டா மொதலாளி” என்றாள் சீனிக்கனி. வேலை கிடைத்தால் போதும் என்று சொன்ன வார்த்தை அது. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அப்படித்தான் கார்த்தீஸ்வரி வளர்ந்தாள். அடுப்படியில் படுத்து, அம்மாவுக்கு முன்னால் எழுந்து, சத்தம் போடாமல் பல் துலக்கி, தன் சடையைத் தானே பின்னிக்கொண்டு, அம்மா எழுந்து சுவரைப் பார்த்து நின்று முருகனையோ மீனாட்சியையோ பார்த்து முடிக்கிற வரைக்கும் பின்னால் நிற்பாள். வயதுக்கு வந்த அன்று காலையில்கூட அழுதுகொண்டே பின்னால்தான் நின்றாள். பதினெட்டு வருஷம் நின்றுவிட்டு, ஒரு நாள், பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்த வேற்றுச் சாதிப் பையன் ஒருவனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

பத்து மாதம் கழித்து ஒருமுறை வந்தாள். விடிந்தும் விடியாத நேரம், சீனிக்கனி அப்போதுதான் பாயை விட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள், கண்ணை இன்னும் திறக்கவில்லை, ஒரு பழநி ஆண்டவருக்கு ஆறாவது நாள். வாசலில் “அம்மா” என்று குரல் கேட்டது. திரும்பியிருக்கலாம். திரும்பினால் ஆறு நாளும் வீண், மறுபடி முதலிலிருந்து. கோபமும் இல்லாமல் இல்லை, அதையும் மறைப்பானேன். “கொஞ்சம் நில்லு, படத்தப் பாத்துட்டு வாரேன்” என்றாள் சீனிக்கனி, பதினெட்டு வருஷமாகச் சொன்ன அதே சொல், அதே ராகம். ஆண்டவரை ஆற அமரப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது. அது நடந்து பன்னிரண்டு வருஷம். அந்தப் பழநி ஆண்டவர் அமோகமாக விற்றார்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் சீனிக்கனியின் தகுதிக்கு ஒரு குறையும் வரவில்லை. முந்திக்கொண்டு கண்ணில் விழ எந்த முகமும் அந்த வீட்டில் இல்லை, பிந்திக்கொண்டு விழவும் இல்லை. சோறு பொங்கினால் ஒரு கை அரிசி, குழம்பு வைத்தால் அது மூன்று நாளைக்கு, தும்மினால் ‘நூறு’ என்று சொல்ல நாதி கிடையாது.

இப்படி இருக்கையில் ஒரு சித்திரை மாதம், பாண்டிச்சேரியிலிருந்து மதிவதனி என்றொரு பெண் மரப்பெட்டியோடு அச்சகத்துக்கு வந்தாள். பெட்டிக்குள் எழுபத்தெட்டு அட்டை. டாரட் என்று பெயராம், வெளிநாட்டில் இந்தச் சீட்டைப் பரப்பிப் பலன் பார்ப்பார்களாம். கிளி இல்லாத கிளி ஜோசியம் என்று அச்சகத்து ஆட்கள் புரிந்துகொண்டார்கள். ஐந்து வருஷம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் வரைந்திருந்தாள். அதை அச்சடித்துத் தர வேண்டும்.

சின்ன முதலாளி தங்கப்பழம் அட்டைகளை மேசையில் பரப்பினார். மண்வெட்டியால் குழி வெட்டித் தன் நிழலை நட்டுக்கொண்டிருக்கும் ஒருவன். கிணற்றையே குடம்போல இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் ஒருத்தி. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துப் பேன் பார்க்கும் ராஜா. ஒரே சடையை இருவருமாகப் பின்னிக்கொண்ட இரட்டைப் பெண்கள். வீட்டைச் சட்டையாகப் போட்டிருக்கும் கிழவன், கைப்பக்கம் இரண்டு ஜன்னல். சாவுக்கு உரிய சீட்டு என்று அவள் காட்டியதில் ஒரு பெண் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எழுபத்தெட்டுப் பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஏம்மா, ஒருத்தருக்கும் முகமே இல்லையே” என்றார் தங்கப்பழம்.

“இருக்கு சார். அந்தப் பக்கம் இருக்கு” என்றாள் மதிவதனி.

அவர் தலையைச் சொறிந்தார். முகத்தில் முழித்தால் என்ன ஆகும் என்று அச்சகத்துக்கு முப்பது வருஷ அனுபவம் இருந்தது, முதுகில் முழித்தால் என்ன ஆகும் என்று பஞ்சாங்கத்திலும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும், அதற்குள் சொல்லியாக வேண்டும். சீனிக்கனியை அழைத்தார்.

“சீனியக்கா, ஒவ்வொண்ணுக்கும் ஒம்பது நாள்னா ரெண்டு வருசம் ஓடிரும். ஒரு படத்துக்கு ஒரு விடியல் போதும். பாத்துச் சொல்லுங்க.”

“ஆகட்டும் மொதலாளி” என்று பெட்டியைச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். மதிவதனி பின்னாலேயே தெருமுனை வரை வந்தாள். “அவங்கள யாரும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதில்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொண்டாள்.

முதல் நாள் நிழல் நடுகிறவனை ஆணியில் மாட்டினாள். விடிந்தது. சீனிக்கனி கண்ணைத் திறந்ததும் அவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பினான். இரண்டு நாள் தாடி, மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தழும்பு, லேசாக வெடிப்புக் கண்ட உதடு. பெரிய அழகன் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருவர், நீயும் எழுந்துவிட்டாயா என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தான். பார்த்தபடியே நின்றுவிட்டான், அதற்கு மேல் அசையவில்லை. சீனிக்கனி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆம்பளை பார்க்கிறானே என்று அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தது. படத்தின் பின்னால் ‘திரும்பினார். முழிக்கலாம்’ என்று எழுதினாள்.

அச்சகத்தில் அதைப் பார்த்து யாரும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிடவில்லை. சித்திரை வெக்கையில் சாயம் இளகினால் இப்படி ஆவது உண்டுதான் என்றார் மிஷின் பார்க்கும் பெரியவர். திரும்புவது நல்லதா கெட்டதா என்பதுதான் தங்கப்பழத்தின் கவலை. காகிதத்தில் சுற்றி ஒரு நாள் வைத்தால் மறுபடி முதுகு காட்டிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது.

இரண்டாம் நாள் கிணறு சுமந்தவள் திரும்பினாள், மூக்குத்தி இல்லாத மூக்கில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். மூன்றாம் நாள் ராஜா திரும்பினார், அம்மைத் தழும்பு. இப்படி நாளுக்கு ஒருவராகத் திரும்பத் திரும்ப, ஊர் சும்மா இருக்குமா, பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் முதலில் வந்தாள், அவள் பின்னால் தெரு வந்தது, தெருவின் பின்னால் மற்றத் தெருக்கள் வந்தன. எனக்கு ஒருநாள் கொடுங்கள், எனக்கு ஒருநாள் கொடுங்கள் என்று பார்த்து முடித்த அட்டைகளைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுநாளே முகம் தொங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தார்கள், விடிய விடிய முதுகுதான், திரும்பவே இல்லை என்றார்கள்.

யாருக்குத் திரும்புகிறது, யாருக்குத் திரும்பவில்லை என்று டீக்கடையில் ஒரு வாரம் விவாதம் நடந்து, கடைசியில் ஊர் தானாகவே அதைக் கண்டுபிடித்தது. ஆள் இருக்கிற வீட்டில் அவர்கள் திரும்புவதில்லை. தனியாக முழிக்கிறவருக்குத்தான் திரும்புகிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஊர் வேறு மாதிரி ஆயிற்று. ஓய்வு பெற்ற தபால்காரருக்குத் திரும்பியது, ஸ்கூல் ஹாஸ்டல் வார்டன் டீச்சருக்குத் திரும்பியது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். தனிக்கட்டை என்று பேர் வாங்கியிருந்த கோயில் கணக்கருக்குத் திரும்பவில்லை; மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அவர் வீட்டுப் பின்வாசலையே பார்த்தது. மூன்று மகன், மூன்று மருமகளோடு இருந்த வெங்கலக்கடைப் பெரியவருக்குத் திரும்பியது; மருமகள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அன்று இரவிலிருந்து அவருக்குத் தட்டில் போடுவதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சாயங்காலமானால் தெருவில் ஒருவர் வீட்டு நடையைத் தாண்டும்போது, ‘உங்களுக்குத் திரும்பிச்சா’ என்று கேட்பது, ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. ஆமாம் என்றால் உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

சீனிக்கனி வீட்டுக்கு மட்டும் யாரும் அப்படி வந்து உட்காரவில்லை. அவளுக்குத் திரும்புவது அவளுடைய வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

வைகாசி கடைசியில் தங்கப்பழமே இரட்டைப் பெண்கள் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனார், விஷயம் உண்மையா என்று பார்க்க. பதினோரு பேர் இருக்கிற வீடு, திரும்பாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. காலையில் அவர் முழித்தபோது இரட்டைப் பெண்கள் இருவரும் திரும்பியிருந்தார்கள். அவருக்குத் திரும்பவில்லை, அவருக்கு முன்பே முழித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்வராணிக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த அம்மாள் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

பத்து மணிக்குத் தங்கப்பழம் சீனிக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றார். முதலாளி அந்த வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

“யக்கா, ஆகாதுன்னு எழுதிருங்க. ஊருக்கு வேணாம் இது.”

“இன்னும் முப்பத்தஞ்சு படம் இருக்கு மொதலாளி.”

“பாத்த வரைக்கும் போதும்.”

“முழிச்சவ நானு. ஒரு நாளும் கெட்டுப்போகல. இல்லாதத எப்பிடி எழுத?” என்றாள் சீனிக்கனி. பிறகு, அவர் வீட்டுச் செய்தி அவருக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தபடியால், அவர் முகத்தைப் பார்த்து, “வீட்ல அவுகளுக்குத் திரும்புனதுக்கு அட்டைய வையாதீக” என்றாள்.

அவர் போய்விட்டார். மறு வாரம் ஒரு காலையில், செல்வராணி கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு, தலை சீவி, திருநீறு பூசி, புருஷன் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டு ஐயோ என்று அலறியதாகவும், வீடே ஓடி வந்ததாகவும், பிறகு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு மூன்று தெருவுக்குக் கேட்டதாகவும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ‘ஆகாது’ என்று எழுதச் சொல்லித் தங்கப்பழம் வரவில்லை.

ஆனி முடியும்போது சீனிக்கனியின் சுவரில் இடம் இல்லை. ஊர் சுற்றப் போனவர்களும் வந்து சேர்ந்து மறுபடி முகம் காட்டிவிட்டார்கள்; எழுபத்தேழு முகம், எழுபத்தேழும் அவளைப் பார்த்தபடி. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. ராஜாவிடம் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள், வாசல் பெருக்குகிறவளிடம் பால்காரனைப் பற்றிக் குறை சொல்வாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், பதில் சொல்லவில்லை. போகப் போக அது பெரிய பாரமாயிற்று. எழுபத்தேழு பேர் பார்த்திருக்க ஒருத்தி மட்டும் எப்படிச் சாப்பிடுவது? ஒருத்திகூட ‘அம்மா’ என்று கூப்பிட மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

எழுபத்தெட்டாவது அட்டை மற்றவற்றைப் போல விசித்திரமானது இல்லை. ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்கிறாள், அவ்வளவே. தூக்கத்தில் அவிழ்ந்து தோளில் சரிந்த கொண்டை, வெள்ளை ரவிக்கையின் முதுகில் பச்சை நூலால் போட்ட தையல், பிடரியில் மிளகளவு மச்சம். அவளுக்கு எதிரே சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒன்றும் இல்லை. வரைந்தவள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்து வரைந்ததுபோல, படத்தின் விளிம்பில் கதவு நிலை கொஞ்சம் தெரிந்தது.

விடிந்தது, சீனிக்கனி கண்ணைத் திறந்தாள், அந்தப் பெண் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் சீனிக்கனி வெயில் ஏறும் வரை பாயிலேயே உட்கார்ந்து, “எனக்கென்ன, ஆளா இருக்கு வீட்ல? திரும்பேன்” என்று கேட்டாள். நாலாம் நாள் பாக்கியத்தாயைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இவ மட்டும் திரும்ப மாட்டேங்கா பாக்கியம். யாரு பெத்த பிள்ளையோ, என்ன கோவமோ.”

பாக்கியத்தாய் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன மதினி, தெரியாத மாதிரி கேக்கீக. இது நீங்கதான.”

“நானா?”

“இந்த மச்சம் ஒங்களுக்கு இருக்கே. பச்ச நூலு, அன்னிக்கு வெள்ள நூலு தீந்துபோச்சுன்னு எங்கிட்டத்தான வாங்கித் தச்சீக, பன்னெண்டு வருசம் இருக்கும்.”

சீனிக்கனி கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினாள். ஐம்பத்தாறு வயது வரைக்கும் அங்கே ஒரு மச்சம் இருப்பது அவளுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு ஆள் பின்னால் நிற்க வேண்டும், பின்னால் நின்ற ஆள் ஒருத்திதான். பதினெட்டு வருஷம் வீட்டுக்குள் நின்றும், பிறகு ஒரு காலை வாசலில் நின்றும் கார்த்தீஸ்வரி பார்த்தது இதைத்தான். பாண்டிச்சேரிக்காரி இதை எங்கே பார்த்தாள் என்று கேட்கக்கூடச் சீனிக்கனிக்குத் தோன்றவில்லை.

“அவ எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா பாக்கியம்?”

“மாசம் ஒருக்கா எனக்குப் போன் பண்ணுவா மதினி” என்றாள் பாக்கியத்தாய், அட்டையையே பார்த்துக்கொண்டு. “அம்மா எப்பிடி இருக்குன்னு கேப்பா, வச்சுருவா. நீங்க கேக்கல, நானும் சொல்லல.”

பன்னிரண்டு வருஷமாக அந்த நம்பர் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. சீனிக்கனி அன்றைக்கே எழுபத்தேழு அட்டையையும் பெட்டியில் அடுக்கிப் பாக்கியத்தாயிடம் கொடுத்துவிட்டு, எழுபத்தெட்டாவதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினாள்.

திருப்பூரில் அது லைன் வீடு, ஒரே அறை, வரிசையாகப் பன்னிரண்டு கதவு. கார்த்தீஸ்வரி கதவைத் திறந்தாள். முப்பத்துநாலு வயது. அம்மாவைப் பார்த்தாள், பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள். “வாங்க” என்றாள். பெற்றவளை வீட்டுக்கு வந்த விருந்தாளிபோலக் கூப்பிட்ட அந்த வார்த்தை சீனிக்கனிக்குச் சுருக்கென்று தைத்தது.

மாப்பிள்ளை கம்பெனிச் சரக்கோடு தூத்துக்குடி போயிருந்தார். தோசை வார்த்துப் போட்டாள் மகள்.

“அன்னிக்கு நீ வந்தப்ப நானு...” என்று ஆரம்பித்தாள் சீனிக்கனி.

“சாப்பிடுங்க. ஆறிப்போகுது.”

“என்ன வேல பாக்குற?”

“பனியன் கம்பெனில செக்கிங். ஓட்ட, கறை, தையல் விட்டது எல்லாம் பாத்து ஒதுக்கணும்.”

படுப்பதற்கு முன் சீனிக்கனி பையிலிருந்து அட்டையை எடுத்து, பாய்க்கு எதிரே அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்தாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

“இங்கயும் கொண்டாந்துட்டீகளா” என்றாள்.

“இது கடைசிப் படம் கார்த்தி. இத நீ பாக்கணும்னுதான்...”

“நான் நிறையப் பாத்துட்டேன்.” அவள் விளக்கை அணைத்துவிட்டு, கையில் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால், அடுப்போரமாகப் போய்ப் படுத்தாள்.

விடிந்தபோது சீனிக்கனிக்கு விழிப்பு வந்துவிட்டது, ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து பாயிலேயே உட்கார்ந்தாள். எதிரே டிரம் இருக்கிறது, டிரம்மில் அட்டை இருக்கிறது, திறந்தால் அதில்தான் முழிக்க வேண்டும். பின்னால் பல் துலக்கும் சத்தம், சீப்பு முடியில் இழுபடும் சத்தம். மகள் சின்னவளாக இருந்தபோது கேட்ட அதே சத்தங்கள், இப்போதும் அவள் அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கிறாள்.

“கார்த்தி, முன்னால வா.”

சீப்பு நின்றது. “படத்தப் பாத்தாச்சா?”

“இல்ல. கண்ணே தொறக்கல. நீ வா.”

பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது. மகள் அடுப்பை அணைப்பது கேட்டது.

“எனக்குக் கம்பெனிக்கு நேரமாச்சு” என்றாள் மகள். “மாவு இருக்கு, ஊத்திக்கோங்க.” கதவு திறந்து சாத்திக்கொண்டது.

சீனிக்கனி கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவளை நில் என்று சொன்னது நாம்தானே, இன்றைக்கு நாம் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தாள். வெயில் கதவிடுக்கு வழியாக வந்து முதுகில் ஏறியது, தோளில் ஏறியது, பிடரி மச்சத்தைச் சுட்டது, இறங்கியது. லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கண் வலியா அம்மா என்று ஒருத்தி கேட்டாள். “இல்ல தாயி, எனக்கு இன்னும் விடியல” என்றாள் சீனிக்கனி. அவர்கள் யாரும் அதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் ஷிப்ட், அரை ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி ஓடுகிற வரிசை அது, அங்கே பன்னிரண்டு கதவுக்கும் பன்னிரண்டு நேரத்தில்தான் விடியும். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள், ஒருத்தி ரசம்சாதம் பிசைந்து ஊட்டிவிட்டுப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மூடிய கண்ணுக்குள் எழுபத்தேழு முகமும் வந்து போயின, எதையும் அவள் நிறுத்திவைக்கவில்லை. பயமாக இருந்தது. மகள் வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று இருந்தது. வராவிட்டால் இப்படியே இருந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கார்த்தீஸ்வரி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அவிழ்ந்த கொண்டை தோளில் சரிந்து கிடந்தது, பிடரியில் அந்த மச்சம்.

“காலையிலருந்து கண்ணத் தொறக்கலக்கா உங்கம்மா. விடியலையாம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சீனிக்கனிக்குக் காலடி கேட்டது. பஞ்சும் மிஷின் எண்ணெயும் கலந்த வாடை முதலில் பின்னால் வந்தது, பிறகு பக்கவாட்டில் வந்தது, அங்கே நின்றது. அரிசி டிரம்முக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான் இருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் யாரோ சேலையை ஒடுக்கிக்கொண்டு, டிரம்மில் முதுகை வைத்து, முழங்கால் முழங்காலில் இடிக்க உட்காருவது தெரிந்தது. மூச்சு முகத்தில் பட்டது.

“விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு” என்றாள் கார்த்தீஸ்வரி. “கண்ணத் தொறம்மா நீ.”

சீனிக்கனி திறந்தாள்.

நாலு நாள் கழித்துச் செங்கமல விலாஸ் அச்சகத்துக்கு ஒரு கார்டு வந்தது. தங்கப்பழம் அதை, முடிவு கேட்க வந்திருந்த மதிவதனிக்கும் மிஷின் ஆட்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். எழுபத்தேழு படத்திலும் முழிக்கலாம் மொதலாளி, ஒரு குறையும் இல்லை, அச்சடிக்கச் சொல்லுங்க என்று எழுதியிருந்தாள். எழுபத்தெட்டாவது திரும்பிச்சா இல்லையான்னு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணைத் திறந்தப்ப முன்னால எம் மக இருந்தா, படம் அவளுக்குப் பின்னால இருந்துச்சு, நான் பாக்கல.